நாலாம் மாடிக்கு ஏறிய தட்டுகள்

பெர்மாஸ் ஜெயாவில் நான் குடியிருந்த அடுக்குமாடியின் கீழ்வீட்டில் ஓர் அம்மா இருந்தார். மேலே எந்த வீட்டில் விருந்தென்றாலும், அழைக்காமலே சில்வர் தட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு படியேறிவிடுவார். குள்ளமான உருவம். தட்டுகளுக்கு மேலே நெற்றிப் பொட்டு மட்டும் தெரியும்.

காரணம் இருந்தது. விருந்து முடிந்து மாடி வீடுகள் எறியும் பாலிஸ்டிரீன் நுரைத் தட்டுகள் சாக்கடையை அடைத்தால், மழைத்தண்ணீர் அவர் வீட்டுக்குள்தான் போகும். ஒரு வருடம் அவருடைய மெத்தையே மிதந்தது. அதற்குப் பிறகுதான் இந்தப் பழக்கம்.

அன்று நாலாம் மாடியில் பிறந்தநாள்; நானும் போயிருந்தேன். கதவைத் திறந்த வீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

"அக்கா, உங்கள நான் கூப்பிடவே இல்லையே."

"தட்டுதான் விருந்துக்கு வந்திருக்கு லா. நான் தூக்கிட்டு வந்த ஆளு."

"இத்தனையும் யாரு கழுவுறது?"

"சாப்பிட்டவங்கதான். எங்க வீட்ட மழையே வந்து கழுவிட்டுப் போயிடும். உங்களுக்குத்தான் அந்த வசதி இல்ல."

சாப்பாட்டுக்கு நடுவே, அந்த வருடத்தின் முதல் பெருமழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் தட்டும் கையுமாக வெளியே வந்து கீழே எட்டிப் பார்த்தோம். சாக்கடை தடையில்லாமல் ஓடியது. அவர் வீட்டு வாசற்படியைத் தண்ணீர் தொடவில்லை. யாரோ கைதட்டினார்கள்.

அவர் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே உட்கார்ந்து இரண்டாவது தடவை பிரியாணி கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை எப்படி வந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.