பெட்டி இறங்க ஓர் இடம்

குற்றாலத்தில் சீசன் தொடங்குவதற்குள் டீக்கடை திறந்துவிடுவது என்று நானும் மதினியும் முடிவெடுத்தபோது, எங்களிடம் இருந்தது மேலகரத்தில் அருவிக்குப் போகிற சாலைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலமும் மதினியின் கைப்பக்குவமும்தான். அப்பா நெல் போட்ட நிலம். அவருக்குப் பிறகு யாரும் இறங்காமல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. தென்காசியில் ஜவுளிக்கடை ஒன்றில் பில் போட்டுக்கொண்டிருந்த வேலையை நான் அப்போதுதான் விட்டிருந்தேன். கட்டடம் எழுப்பினால் சீசன் போய்விடும், பழைய கப்பல் கன்டெய்னர் ஒன்றை வாங்கிக் கடையாக்கிக்கொள்ளுங்கள் என்று வளைகுடாவிலிருந்து யோசனை சொன்னது அண்ணன். சொல்லிவிட்டு அவன் வேலைக்குப் போய்விட்டான். மீதி எங்கள் பாடு.

தூத்துக்குடியில் பெட்டியை விற்றவர் போனில் பாடமே எடுத்தார். பெட்டியின் பாரம் முழுக்க நாலு மூலையில்தான் நிற்கும். மூலைக்கு ஒரு கான்கிரீட் திண்டு வேண்டும். நாலும் ஒரே மட்டமாக இல்லாவிட்டால் பெட்டி லேசாக முறுக்கிக்கொள்ளும், பிறகு கதவு திறக்காது. லாரி வந்து திரும்ப இடம் வேண்டும், மேலே கரண்ட் கம்பி குறுக்கே போகக் கூடாது. மதினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பொண்ணு பாக்க வாரவங்ககூட இவ்வளவு கேக்க மாட்டாங்க" என்றாள்.

ஜேசிபி வந்து ஒரு காலையில் முள்ளையெல்லாம் பிடுங்கிப் போட்டது. சாலையை ஒட்டிய மேற்கு மூலையை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். வண்டியில் போகிறவர்கள் கண்ணில் கடை பட வேண்டும் அல்லவா. வயல் மண் என்பதால் மேலே சரள் கொட்டி இறுக்க வேண்டியிருந்தது. சரள் ஏற்றிய டிப்பர் பின்பக்கமாக உள்ளே வந்தது. நான் கையைக் காட்டி, "வரட்டும், வரட்டும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதன் பின்சக்கரம் பொதுக்கென்று மண்ணுக்குள் இறங்கியது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. டிரைவர் மறுபக்கக் கதவைத் திறந்து குதித்துவிட்டார். நல்லவேளை, ஜேசிபி இன்னும் கிளம்பியிருக்கவில்லை. அது தன் கையால் டிப்பரைத் தாங்கித் தள்ளி வெளியே கொண்டுவந்தது.

சக்கரம் இறங்கிய குழியில் உடைந்த செங்கலும், அதற்குக் கீழே வளைவாக ஒரு கல்வரிசையும் தெரிந்தன. மதினி குனிந்து பார்த்துவிட்டு அண்ணனுக்கு வீடியோ கால் போட்டு, போனைக் குழிக்கு நேராகப் பிடித்தாள்.

"அது பழைய கெணறுல்லா" என்றான் அண்ணன், சாவகாசமாக. "போர்வெல் போட்டப்ப அப்பா மண்ணப் போட்டுத் தூத்துட்டாங்க. நான் சொல்லலியா?"

மதினி போனை என்னிடம் நீட்டினாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு முழு கெணத்த எங்கிட்ட மறைச்சிருக்காரு இந்த மனுசன். நீயே பேசுட்டி."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது. சக்கரம் இறங்காமல் போயிருந்தால் அந்த மண்ணின் மேல்தான் கிரேன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும்.

இடத்தைக் கிழக்கே மாற்றினோம். மாற்றியதும் அடுத்த சிக்கல் வந்தது. லாரி இப்போது பக்கத்துச் சந்து வழியாகத்தான் வர முடியும். அங்கே அடுத்த வீட்டு அண்ணாச்சியின் முருங்கை, மதில் தாண்டிப் பாதிச் சந்தை மறைத்துக்கொண்டு நின்றது. அவர் கறாரான ஆள். கேட்கப் போகும்போது மதினி ஒரு தூக்குவாளி நிறைய உளுந்தவடை எடுத்துக்கொண்டாள்.

அண்ணாச்சி ஒரு வடையை முழுசாகத் தின்று முடித்தார். பிறகு, "கடையில இதுதான் போடப்போறியளா?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி."

"முருங்கதானே. வெட்டுனா தழைச்சுட்டுப் போவுது" என்று எழுந்து அரிவாளைத் தேடினார். காய்களையெல்லாம் அவர் மனைவி எங்களுக்கே கட்டிக் கொடுத்தார். திண்டு போட வந்த கொத்தனாருக்கும் ஆட்களுக்கும் இரண்டு நாளாக முருங்கைக்காய் சாம்பார்தான். கான்கிரீட் காய்ந்ததும் நானும் மதினியும் மட்டக்குழாயில் தண்ணீர் நிரப்பி ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு மூலைக்கு மூலை மட்டம் பார்த்து நடந்தோம். கொத்தனார் சரி என்று சொன்ன பிறகும் மதினி இன்னொரு சுற்று நடந்தாள்.

பெட்டி ஒரு காலை நேரத்தில் வந்தது. நீல நிறம், அங்கங்கே துரு, பக்கவாட்டில் எங்களுக்குப் படிக்கத் தெரியாத ஏதோ ஒரு நாட்டு எழுத்து. சந்துக்குள் லாரி நுழைந்து நின்ற பிறகுதான் கவனித்தேன். சாலையைப் பார்க்க வேண்டிய பெட்டிக் கதவு அண்ணாச்சியின் மதிலைப் பார்த்து இருந்தது.

"கதவு எந்தப் பக்கம்னு யாரும் சொல்லலியேக்கா" என்றார் லாரி டிரைவர். உண்மைதான். கிணறு, முருங்கை, மட்டம் என்று அலைந்ததில் அது எங்கள் மனதுக்கே வரவில்லை. சந்துக்குள் லாரியைத் திருப்பவும் இடமில்லை.

பெட்டியை இறக்க வந்திருந்த கிரேன்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அந்தரத்துல வச்சுத் திருப்பிரலாம். ஒரு ஆளு கயிறப் பிடிக்கணும். இழுக்கக் கூடாது, சும்மா கூடவே நடக்கணும்."

யாராவது முன்வருவதற்குள் மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றை வாங்கிவிட்டாள். பெட்டி லாரியை விட்டு மேலே எழும்பியது. மதினி கயிற்றோடு ஒவ்வோர் அடியாக எடுத்து வைக்க, அவ்வளவு பெரிய இரும்பு, அவளைக் கேட்டுக் கேட்டுத் திரும்புவதுபோல மெல்லத் திரும்பியது. அண்ணாச்சி மதிலுக்கு மேல் தலையை நீட்டி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மூலையும் நாலு திண்டில் உட்கார்ந்தபோது 'டொம்' என்ற ஒரு சத்தம், அவ்வளவுதான். மதினி போய்க் கொண்டியை நீக்கி இழுத்தாள். கதவு ஒரு கை இழுப்பிலேயே திறந்தது. சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள்.

"போதும் மதினி, கழண்டு வந்துரும்" என்றேன். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

லாரி கிளம்புகிற நேரத்தில் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு சாரல் இறங்கியது. எல்லாரும் பெட்டிக்குள் ஓடினோம். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் பலகைத் தரை. சாலையில் பைக்கில் போன ஒரு மலையாளத் தம்பதியும் எங்களைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு நனைந்தபடி வந்தார்கள்.

"சேச்சி, சாயா கிட்டுமோ?" என்று கேட்டார் அந்தப் பெண்.

எங்களிடம் அடுப்பில்லை, பால் இல்லை, ஒரு தம்ளர்கூட இல்லை. மதினி அரை நொடிகூட யோசிக்கவில்லை.

"கெடைக்கும், உள்ள வந்து நில்லுங்க" என்றவள், என் பக்கம் திரும்பி, "ஏட்டி, ஸ்கூட்டர எடு. அடுப்பையும் பாலையும் கொண்டா, இஞ்சிய மறந்துராத" என்றாள்.

நான் சாரலில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வண்டியை விட்டேன். திரும்பி வந்தபோது பெட்டிக்குள் இன்னும் நாலு பேர் கூடியிருந்தார்கள். அதில் அண்ணாச்சியும் ஒருவர்.