சகலை கொடுத்த ஹெட்செட்

சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டருக்குத் தூசி தட்டுவது அவர் வேலை. வேறு யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் சட்டம் ஒன்றும் இல்லை. தொட்டால் அவர் பின்னாலேயே வந்து மறுபடி தட்டுவார், அதனால் யாரும் தொடுவதில்லை. இதற்கென்றே ஒரு பெயிண்ட் பிரஷ் வைத்திருந்தார். முதலில் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி விசிறியைத் துடைப்பார். பிறகு கீபோர்டைக் கவிழ்த்து முதுகில் நாலு தட்டு. கடைசியாக மெஷினை எழுப்பி, வாரம் முழுக்கச் சேர்ந்த அப்டேட்டுகளை ஏற்றிவிட்டு, நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதுவார்.

எழுதுவது அவர் பிழைப்பிலிருந்து வந்த பழக்கம். தண்ணீர் மீட்டர் பழுது பார்க்கும் பட்டறையில் இருபத்தாறு வருடம். அங்கே மேசைக்கு வரும் ஒவ்வொரு மீட்டரின் கழுத்திலும் ஒரு அட்டை கட்ட வேண்டும்: என்ன பழுது, என்ன செய்தது, ஏன் செய்தது. மற்றவர்கள் "பழையது", "தேய்ந்தது" என்று கிறுக்கிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவர் உண்மையான காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அட்டையைக் கட்ட மாட்டார். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்து, மின்விசிறியின் தண்டில், மிக்சியின் அடியில், டார்ச்சின் மூடிக்குள் என்று எங்கும் பொடி எழுத்துச் சீட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. மனைவியின் தங்கை அவருக்கு 'லேபிள் அத்தான்' என்று பெயரே வைத்துவிட்டாள்.

அவர் மனைவி வீட்டிலிருந்தே வேலை செய்தாள். பெரிய பெரிய கூட்டங்களின் ஒலிப்பதிவு வரும். காதில் மாட்டிக் கேட்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து நிறுத்தி நிறுத்தி, பேசியதை அப்படியே தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். இருந்த கம்ப்யூட்டர் ஆமையாய் ஊர்ந்தபோது அதில் லினக்ஸைப் போட்டு ஓட வைத்தவர் அவர்தான். யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை, மாலை மாலையாகப் படித்துப் படித்து, கெடுத்துக் கெடுத்துத் தெரிந்துகொண்டார். வேலை கொடுக்கிற ஆபீஸிலிருந்து யாராவது, மெஷின் பழுதானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "எங்க வீட்டுக்காரர் பாத்துக்குவார்" என்பாள் மனைவி. அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவர் ஐந்து வருடமாகக் குடியிருந்தார்.

அன்று ஒன்பது மணிக்கு அவள் வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, சத்தமே வரல."

"பிளக்க சரியா மாட்டினியா?"

"நேத்துப் பொறந்தவளா நானு?"

அவர் குனிந்து பார்த்தார். ஒலி அமைப்பில் ஸ்பீக்கரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'டம்மி அவுட்புட்' என்று நின்றது. ஆள் இல்லாத நாற்காலிக்குச் சட்டை போட்டு வைத்த மாதிரி ஒரு பெயர் அது. கம்ப்யூட்டருக்குத் தன் சவுண்டு கார்டையே அடையாளம் தெரியவில்லை என்று அர்த்தம்.

"சவுண்டு கார்ட ஓட்டற டிரைவர் ஏறல. காலைல போட்ட அப்டேட்தான்."

"டிரைவர் லீவுன்னா நான் என்னத்தப் பண்றது? நாலு மணிக்குள்ள அனுப்பணும். போன மாசமே ஒரு தரம் லேட்டாச்சுன்னு வாங்கிக் கட்டிக்கிட்டேன். இந்தத் தடவையும் லேட்டாச்சுன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"பத்து நிமிஷம் இரு."

பத்து நிமிஷம் மூன்று மணி நேரமாயிற்று. எங்காவது ஒலி அடைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார். ஒலிச் சேவையை நிறுத்தித் தொடங்கினார். மெஷினையே அணைத்து, ஒயரைப் பிடுங்கி, நூறு எண்ணிவிட்டுப் போட்டார். லினக்ஸின் உள்கருவான கெர்னலைப் பழையதற்கு மாற்றினால் ஒருவேளை சரியாகலாம். ஆனால் இடத்தை அடைக்கிறது என்று பழையதைப் போன சனிக்கிழமைதான் துடைத்தெறிந்திருந்தார். நோட்டில் அதுவும் தேதியோடு இருந்தது.

வேறு ஒரு வழி இருந்தது. அது ஒன்பதே காலுக்கே அவருக்குத் தெரியும்.

மனைவியின் தங்கை புருஷன், அதாவது அவருடைய சகலை, லிப்ட் மெக்கானிக். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் வந்தவன், அவர் மனைவி காதைத் தேய்த்துக்கொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு, மறுவாரமே ஒரு ஹெட்செட் வாங்கி வந்தான். பஞ்சுபோல மெத்தென்ற காது, யூ.எஸ்.பி.யில் சொருகுவது. சவுண்டு கார்டு அதற்குள்ளேயே இருந்தது. மெஷினில் சொருகும் முன்பே அவள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு, "ஐயோ, காதுல எதுவுமே இல்லாத மாதிரி இருக்கே!" என்று சிரித்த சிரிப்பு அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவர் ஒயர் ஒட்டி, ஸ்பாஞ்ச் மாற்றி, ஏழு வருடமாகக் காப்பாற்றி வைத்திருந்த பழைய ஹெட்போனுக்கு அவள் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை.

சகலை வந்தால் வீட்டில் எல்லாமே கொஞ்சம் சத்தமாகிவிடும். அவன் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பிப்பான். லிப்டோ கம்ப்யூட்டரோ, எதையும் படிக்காமலே திறப்பான், திறந்ததெல்லாம் வேலை செய்யும். ஒரு தடவை அவன் போன பிறகு, "அவர் வந்துட்டுப் போனா வீடே லேசான மாதிரி இருக்குல்ல?" என்றாள் மனைவி. அவள் அதை அடுத்த நிமிஷமே மறந்திருப்பாள். அவர் மறக்கவில்லை.

ஹெட்செட் வந்த மறுநாள், அவள் கடைக்குப் போயிருந்தபோது, யூ.எஸ்.பி. ஒலிக்கான டிரைவரை ஏற்றவே ஏற்றாதே என்று மெஷினுக்கு ஒரு வரி எழுதி வைத்தார். அவள் வந்து சொருகிப் பார்த்தாள், சத்தமில்லை. "நம்ம மெஷின் பழசும்மா, இதெல்லாம் எடுக்காது" என்றார். அவளும் நம்பி, பெட்டியில் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டாள்.

அந்த வரியோடு விட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. கை சும்மா இருக்கவில்லை. வரிக்கு மேலே தேதியைப் போட்டார். 'காரணம்' என்று போட்டு, 'தேவையில்லை' என்று எழுதினார். பொய்யான காரணத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு உடம்பெல்லாம் அரித்தது. அழித்துவிட்டு உண்மையை எழுதினார்: 'காரணம்: சகலை வாங்கிக் கொடுத்தது.'

இப்போது அந்த வரியை அழித்தால் போதும், வேலை ஆகிவிடும். ஆனால் மனைவி அவர் தோளுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவர் திறப்பதையெல்லாம் படித்துக்கொண்டு.

"ஒரு டீ போட்டுட்டு வாயேன்."

"மணி என்ன ஆகுது, டீ கேக்குறீங்க? உங்களுக்கு வேணும்னா போட்டுக்குங்க. அவருக்குப் போன் பண்ணிட்டேன், பக்கத்துலதான் ஏதோ லிப்ட் வேலையாம். இப்ப வந்துருவார்."

"யாரு?"

"யாருன்னா? உங்க சகலைதான்."

"எதுக்கு அவன? நான்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்ல?"

"காலைலேர்ந்து நீங்க அதத்தான் பாக்குறீங்க, அது உங்களப் பாக்குது. போதும்."

சகலை வந்தபோது படியிலேயே குரல் கேட்டது. "என்னண்ணே, லேபிள் ஒட்டுற ஆளுக்கே லேபிள் ஒட்டிட்டாங்களா?" சட்டையில் கிரீஸ், கையில் ஹெல்மெட். அவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். கொடுக்காமல் இருந்திருக்கலாம், கால் தானாக எழுந்துவிட்டது.

சகலை கீபோர்டில் நாலு தட்டுத் தட்டினான். "உள்ள இருக்கற கார்ட எழுப்ப நேரமாகும்ணே. அத அப்புறம் பாப்போம். அண்ணி, நான் ஒண்ணு வாங்கியாந்தேனே, அது எங்க?"

"அதுதான் நம்ம மெஷின்ல எடுக்காதே. இவர் அன்னைக்கே சொன்னார்."

"எடுக்காதா? அது எல்லாத்துலயும் எடுக்குமே!" என்று அவன் அவரைத் திரும்பிப் பார்த்தான். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

மனைவி ஸ்டூலில் ஏறிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். சொருகியதும் ஹெட்செட்டில் சின்ன விளக்கு எரிந்தது. ஒலிப் பட்டியலில் ஒன்றும் வரவில்லை.

"வேடிக்கையா இருக்கே. வந்துருக்கறது யாருன்னு இதுக்குத் தெரியுது, ஆனா வாங்கன்னு கூப்பிட மாட்டேங்குது. கண்டுக்காதேன்னு யாரோ சொல்லி வச்ச மாதிரி."

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன் அடித்தது. ஆபீஸ். "ஆமாங்க, முக்கால்வாசி முடிஞ்சுது… இல்லல்ல, நாலு மணிக்குக் கண்டிப்பா…" என்று குழைந்துகொண்டே அவள் கூடத்துக்குப் போனாள்.

"பாஸ்வேர்டு போடுங்கண்ணே."

அவர் போட்டார். தப்பாகப் போடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கூடத்தில் அவள் குரல் இன்னும் குழைந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டுச் சரியாகவே போட்டார்.

சகலை ஒவ்வொரு கோப்பாகத் திறந்தான். மூன்றாவது அதுதான். இரண்டே வரி, படிக்க எவ்வளவு நேரமாகும்? அவன் முதுகு அசையவில்லை. இப்போது சிரிப்பான், வீடு அதிரச் சிரிப்பான், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொந்தமெல்லாம் சிரிக்கும் என்று அவர் காத்திருந்தார். சிரிப்பு வரவில்லை. சகலை கோப்பை மொத்தமாக அழித்தான், இன்னொரு கட்டளையைத் தட்டினான். ஹெட்செட்டிலிருந்து டொய்ங் என்று ஒரு மணி.

மனைவி ஓடி வந்தாள். "வந்துருச்சா? என்ன பண்ணீங்க?"

"அப்டேட்ல ஏதோ குளறுபடி அண்ணி. அண்ணன் பாதிய முடிச்சு வச்சுருந்தார், நான் கடைசில வந்து கை வச்சேன். அவ்ளோதான்."

சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும் என்று நினைத்தார். திட்டியிருந்தால், குத்திக் காட்டியிருந்தால், ஒருவரை ஒருவர் பிறாண்டிக்கொண்டு சரிக்குச் சரி ஆகியிருக்கலாம். இப்போது இதிலும் அவனே ஒரு படி மேலே நின்றான்.

வாசலில் சகலை ஹெல்மெட்டை மாட்டும்போது, "டீ குடிச்சுட்டுப் போ" என்றார் அவர்.

"லிப்ட் பாதில தொங்குதுண்ணே." இரண்டு படி இறங்கியவன் நின்றான். "அண்ணி காது புண்ணாயிருந்துச்சு. அதுக்குத்தான் வாங்கியாந்தேன். வேற ஒண்ணும் இல்ல." சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டான்.

மனைவி மூன்றரை மணி வரை தலை நிமிரவில்லை. மெத்தென்ற காதுகளுக்குள் அவள் முகம் நிம்மதியாக இருந்தது. அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றே முக்காலுக்கு அனுப்பி முடித்து, ஹெட்செட்டைக் கழுத்தில் இறக்கிவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

"தப்பிச்சோம். பாவம், வேலைய விட்டுட்டு ஓடி வந்தார். செஞ்சத ஒரு வார்த்த பெருமையாச் சொல்லிக்கலயே, பாத்தீங்களா? மனுஷன்னா அப்படி இருக்கணும்."

பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"அப்டேட் இல்ல" என்றார் அவர்.

"என்ன?"

"ஹெட்செட் வேல செய்யாததுக்கு அப்டேட் காரணமில்ல. எட்டு மாசத்துக்கு முன்னாடி நான்தான் அத நிறுத்தி வச்சேன். அவன் வாங்கித் தந்ததுங்கறதுக்காக. அப்படியே எழுதியும் வச்சுருந்தேன். அத அவன் படிச்சான். படிச்சுட்டுத்தான் உன்கிட்ட அப்படிச் சொன்னான்."

அவள் கழுத்திலிருந்த ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "அவர் சொல்லாம விட்டாருல்ல. நீங்க ஏன் சொல்றீங்க?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். பொய்யான காரணம் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. உன்னிடம் மறைக்க மனசு வரவில்லை என்று சொல்லலாம், கேட்க நன்றாக இருக்கும்.

"அவன் நல்லவன்னு நீ சொன்னது பொறுக்கல. அவன் என்னக் காப்பாத்துனான்னு இருக்கறதவிட, நான் மாட்டுனேன்னு இருக்கறது தேவலைன்னு தோணுச்சு."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். கோபமா, சிரிப்பா, அழுகையா என்று அந்த முகத்தில் அவரால் படிக்க முடியவில்லை. இருபத்து மூன்று வருடமாகப் பார்க்கிற முகம்.

"ஏதாவது சொல்லேன். திட்டவாவது திட்டேன்."

அவள் எழுந்தாள். ஹெட்செட்டை மேசை மேல் வைத்தாள்; கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. அவர் முழங்காலில் இடித்துவிடாமல் பார்த்து விலகி, கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே இருந்த சந்தில் நடந்து, அறையை விட்டு வெளியே போனாள்.