நடுவில் நின்ற பாட்டு

புதிதாகக் கிதார் கற்க வருகிறவர்களுக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரிய வேண்டுமா என்ற மாபெரும் கேள்வியில் மனித குலம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. காதும் விரலும் இருந்தால் போதும் என்பது ஒரு கட்சி. எழுத்துத் தெரியாதவன் கதை எழுதலாமா என்று கேட்பது மறு கட்சி. மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு. அதன் தலைவர், தொண்டர், பொருளாளர் எல்லாம் கண்ணாடிக்கடை அக்கா ஒருத்தியே. குறிப்பைப் படித்தால் புருஷன் போய்விடுவார் என்பது அவள் கொள்கை. அந்தப் புருஷன் இறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது என்பதால் கொள்கைக்கு எந்தப் பங்கமும் வந்துவிடவில்லை.

இத்தனைக்கும் அவள் பிழைப்பே பிறரைப் படிக்க வைப்பதுதான். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஆளை உட்கார வைத்து, ஒரு கண்ணை மறைத்து, "கடைசி வரியைப் படிங்க. குத்துமதிப்பா அடிச்சு விடாதீங்க, எனக்குத் தெரிஞ்சுடும்" என்று மிரட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, படித்த பிறகுதான் எழுந்திருக்க விடுவாள். அப்பேர்ப்பட்டவள், கிதார் வகுப்பில் ஐந்து கோட்டுத் தாளை நீட்டினால் கடன்காரனைக் கண்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நடுவயதில் அவரைக் கிதார் பிடித்துக்கொண்டது. கூட வேலை பார்த்த எலக்ட்ரீஷியன் சாப்பாட்டு இடைவேளையில் வாசித்த ஒரே ஒரு பாட்டைக் கேட்டுக் கேட்டே கற்றார். பாதிவரை நன்றாக வரும். பிறகு ஓர் இடத்தில், எலக்ட்ரீஷியன் ஏதோ ஒரு சுரத்தை மிக மெல்லத் தொட்டதாகவும் அது தன் காதில் விழவில்லை என்றும் அவருக்கு உறுதி. கேட்கலாம் என்றால் எலக்ட்ரீஷியன் வேலை மாறி எங்கோ போய்விட்டார். ஆகவே மெக்கானிக் அந்த இடத்தில் ஒரு சுரத்தை வைத்துப் பார்ப்பார், பொருந்தாது. இன்னொன்று. அதுவும் பொருந்தாது. "ச்சே!" என்பார். மறுபடி முதலிலிருந்து. ஊரிலுள்ள லிஃப்ட்டையெல்லாம் நடுவில் நிற்காமல் ஓட வைத்த மனிதர், தன் பாட்டை மட்டும் அதே இடத்தில் நிறுத்தி வைத்துவிட்டு மாரடைப்பில் போனார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கலைந்த பிறகு அக்கா கிதாரை எடுத்தாள். வருஷக்கணக்கில் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட பாட்டு. விரல் தடுமாறினாலும் காது வழி காட்டியது. ஒருநாள் சாயங்காலம் அவர் நிற்கும் இடம்வரை வந்து, மேலே தெரியாமல் நிறுத்தினாள். மூடியிருந்த படுக்கையறைக்குள்ளிருந்து "ச்சே!" என்று கேட்டது.

பயந்தாளா என்றால், பயந்தாள். மறுநாள் கடையிலிருந்து வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீடு திரும்பி, சேலைகூட மாற்றாமல் கிதாரை எடுத்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

விரல் திருந்தட்டும் என்றுதான் வகுப்பில் சேர்ந்தாள். மாஸ்டர் வயதில் சின்னவர், மீசையில் பெரியவர்.

"அக்கா, உங்க காது பிரமாதம். ஆனா பாதிப் பாட்டுலயே நின்னுடறீங்க. இது ஆரம்பப் பாடப் புத்தகத்துல இருக்கறதுதான். மீதியைப் படிச்சுப் பாருங்க."

"மீதி வேண்டாம் மாஸ்டர்."

"சரி, வாசிச்சாவது காட்டறேன்."

"வாசிச்சீங்கன்னா நாளையிலேர்ந்து வரமாட்டேன்."

மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டு அடங்கினார்.

இந்த ஏற்பாடு நாத்தனார் வரும்வரை நீடித்தது. அவள் காப்பியோடு உட்கார்ந்திருக்க, அண்ணி வாசித்து நிறுத்தினாள். அறைக்குள்ளிருந்து "ச்சே!" வந்தது. காப்பி மடியில் கொட்டியது.

"அண்ணனா?"

"ம்."

நாத்தனார் முந்தானையைத் துடைத்தபடி கதவைப் பார்த்தாள். "உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான். வீட்டுக்கு வந்தவங்களை வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லாது." பிறகு குரல் இறங்கியது. "ஏன் அண்ணி, அந்தக் குரலைக் கவனிச்சியா? எவ்வளவு நொந்து போயிருக்கு. அது உனக்குத் துணைக்கு இருக்குன்னு நீ நினைக்கறே. அது மாட்டிக்கிட்டு நிக்குது. லிஃப்ட்டுக்குள்ள ஆள் மாட்டினா, பேச்சுத்துணைக்கு ஆகட்டும்னு அண்ணன் அப்படியே விட்டுடுமா?"

"கதவைத் திறந்துவிட்டா நான் மட்டும்தானே இருப்பேன்?"

நாத்தனார் காலி டம்ளரைக் கீழே வைத்தாள். ஈர முந்தானையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த வகுப்பில் அக்கா தானாகவே, "வாசிச்சுக் காட்டுங்க மாஸ்டர்" என்றாள். வாசித்தார். அந்த இடம் வந்தது, போனது.

"நிறுத்துங்க. அங்க என்ன வாசிச்சீங்க? காதுல விழலையே?"

மாஸ்டர் திரும்ப வாசித்தார். திரும்பவும் விழவில்லை. "காதால இதைப் பிடிக்க முடியாதுக்கா. இங்க பாருங்க" என்று தாளில் விரலை வைத்தார். கோடுகளுக்கு நடுவே சின்னதாக, வளைந்து நெளிந்து ஒரு குறி.

"இது எந்தச் சுரம்?"

"சுரமே இல்ல. ஓய்வுக் குறி. இந்த இடத்துல ஒண்ணும் வாசிக்காதேன்னு எழுதியிருக்கு. சும்மா இருந்துட்டு அடுத்ததுக்குப் போகணும்."

அக்கா தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள், எட்டப் பிடித்துப் பார்த்தாள். எந்த வில்லை போட்டாலும் அங்கே ஒன்றும் இல்லைதான். அந்த ஒன்றும் இல்லாததைத்தான் ஒரு மனிதர் கடைசிவரை தேடினார். செத்தும் தேடிக்கொண்டிருக்கிறார்.

மாஸ்டரிடம் குறி படிக்கக் கற்றுக்கொண்டு, தாளையும் வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூடிய கதவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டாள்.

"ஏங்க, கேக்குதா? அங்க சுரமே கிடையாதாம். நீங்க எதையும் விடலையாம். சும்மா இருந்தா போதுமாம். இத்தனை நாளா ரெண்டு பேரும் எதுக்கு இந்தப் பாடு பட்டோம்?"

வாசித்தாள். அந்த இடத்தில் கையைத் தூக்கினாள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுபோல் இருந்தது. அடுத்த சுரத்தைத் தொட்டாள். பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொரு குறியாக எழுத்துக்கூட்டி, தட்டுத்தடுமாறி, பாட்டை அதன் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

உள்ளேயிருந்து சத்தமில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். கட்டில், அலமாரி, ஜன்னல் எல்லாம் இருந்தன. அறை காலியாக இருந்தது. அவர் போன பிறகு அது அப்படிக் காலியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.