நைனா திருப்பதிக்குப் போய்வந்த கதை

எங்கள் நைனா, அதாவது அப்பா, கிறிஸ்தவ சபையில் வேதபாடம் வாசிப்பவர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையில் மேடையேறி அவர் வாசித்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். அப்பேர்ப்பட்ட குரல் உள்ளவருக்கு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. எல்லா வினையும் அதனால்தான்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. என்ன நோவு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. முகம் வெளுத்து, தெருக்குழாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தாலே மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவாள். வீட்டில் தினமும் வாழைப்பூ. அம்மாவுக்கு அது மருந்தாம். எனக்கும் நைனாவுக்கும் என்ன நோவோ, நாங்களும் அதையேதான் தின்றோம். கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா, அசோகப்பட்டைக் கஷாயம் கேட்கும் என்றார். சித்தூரில் நாட்டுமருந்துக் கடை இல்லாமலில்லை; ஆனால் கடைக்காரர் எங்கள் சபைக்காரர். ஆகவே ஒரு சனிக்கிழமை நைனா என்னையும் கூட்டிக்கொண்டு, எங்களைத் தெரியாத ஊராகப் பார்த்து, திருப்பதிக்கு பஸ் ஏறினார். மருந்து வாங்கப் போனதை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

திருப்பதிக் கடையில் நைனா கடைக்காரரின் காதருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தார். அந்த மனுஷரோ உள்ளே இருந்த ஆளிடம், இன்ன நோவுக்கு இன்ன பட்டை எடு என்று தெலுங்கில் தெருவுக்கே கேட்கக் கத்தினார். சுற்றி நின்ற மொட்டைத் தலைகள் எல்லாம் திரும்பின. யாருக்கு மருந்தோ என்பதுபோல நைனாவும் திரும்பிப் பார்த்தார்.

திரும்பும் பஸ்ஸில் மலையிறங்கி வந்த ஒரு குடும்பம் எங்கள் பக்கத்து சீட்டில். அந்த அம்மா என் கன்னத்தைக் கிள்ளி ஒரு முழு லட்டைக் கையில் வைத்தார். நைனா ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தார். பாதியை அங்கேயே தின்றேன். மீதியைக் காகிதத்தில் சுற்றிவைத்து, மறுநாள் ஆராதனைக்கு முன் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் எல்லோருக்கும் பங்கு வைத்தேன். இருப்பதைப் பகிர்ந்து உண்ண வேண்டும் என்று டீச்சர்தானே சொல்லிக்கொடுத்தார்.

டீச்சர் ஒரு துணுக்கை வாயில் போட்டார். "இது மலை லட்டுடி. ஏது ஒனக்கு?" என்றார். ஒரு துணுக்கிலேயே அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

"நைனாகூட திருப்பதி போய்க்கினு வந்தேன்."

எதற்கு என்று கேட்டார். அதைச் சொல்லக் கூடாதே. வாயை இறுக்க மூடிக்கொண்டேன். அது போதுமானதாக இருந்தது. ஆராதனை தொடங்குவதற்குள் சபை வாட்ஸ்அப் குரூப்பில் நைனாவுக்கு மொட்டை போடாத குறைதான்.

நைனா பாடம் வாசிக்க எழுந்ததும் கமிட்டிப் பெரியவர் குறுக்கே வந்து நின்றார்.

"திருப்பதிக்கு எதுக்குப் போனீங்க பிரதர்? அத சொல்லிட்டு வாசிங்க. இல்லன்னா இனிமே வேற ஆளு வாசிக்கட்டும்."

"ஒரு வேலையா போனேன்."

"இன்னா வேலை?"

நைனா வேதப்புத்தகத்தில் பக்கம் தேடத் தொடங்கினார். சட்டைக் காலர் நனைந்துவிட்டது.

அப்போது பெண்கள் பக்கம் அம்மா எழுந்தாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

"எனக்கு மருந்து வாங்கத்தான் போனாரு. பெரும்பாடு. மாசத்துல பாதி நாளு ரத்தம் நிக்காம போய்க்கினே கீது. வேதத்துல வர்ற வார்த்தைதான். இங்க நின்னு எத்தினி வாட்டி வாசிச்சிகீறாரு, வெளிய சொல்றதுக்குத்தான் வெக்கம். எனக்கு உசுரு போவுது. வெக்கத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

ஆண்கள் பக்கம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பாட்டுப் புத்தகத்தில் ஏதோ வேலை வந்துவிட்டது. பெரியவர் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தார். நைனா வாசித்தார்.

அம்மா பிற்பாடு தேறிவிட்டாள். கஷாயம் கேட்டதா, டவுன் டாக்டரம்மா எழுதிக்கொடுத்த மாத்திரை கேட்டதா என்று வீட்டில் இன்றைக்கும் தகராறு உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே டீச்சர் எங்கள் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்தார். அம்மாவின் காதில் ஏதோ சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா கொஞ்சம் பட்டையை மடித்துக் கொடுத்து, டாக்டரம்மாவிடம் சேர்ந்தே போகலாம் என்றாள். அவர் போனதும் கமிட்டிப் பெரியவரின் சம்சாரம் வந்தார். அப்புறம் பாஸ்டரம்மா. எல்லோரும் பின்வாசல்தான், எல்லோரும் காதில்தான்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இத்தனை பேரும் வீட்டுக்குத் தெரியாமல் திருப்பதிக்குப் போய்வந்திருக்கிறார்கள். பாவம், எத்தனை வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்தார்களோ என்று எனக்கு இரக்கமாக இருந்தது.