பொட்டு வைக்காத மிஷின்

போச்சம்பள்ளியில் நான் வேலை செய்யும் கம்பெனியில் கழுத்தில் செயின் போட்டுக்கொண்டு லேத் மிஷின் பக்கம் போகக் கூடாது. சேப்டி ரூல். அதனால் என் சிலுவை டாலர் ஷிப்ட் முடியும்வரை லாக்கரில்தான் கிடக்கும். நான் கிறிஸ்தவன் என்று லைனில் கூட வேலை செய்பவர்களுக்குத் தெரிவது வேறு வழியில். மிஷினை ஆன் பண்ணுவதற்கு முன்னால் அதன் கதவில் கை வைத்து, கண்ணை மூடி, அரை நிமிஷம் ஜெபிப்பேன்.

“அண்ணன் மிஷினுக்கு ஜொரம் அடிக்குதான்னு பாக்கறாரு” என்று கிண்டல் பண்ணுவார்கள். பண்ணட்டும். தொந்தரவு அதுவல்ல. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சூபர்வைசரிடம் குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும், “ஏங்ணா, ஜெபம் பண்ற வாயாலயா இப்படிப் பேசறீங்க?” என்று பக்கத்து மிஷினிலிருந்து கேள்வி வரும். பாஸ்டரிடமிருந்துகூடத் தப்பித்துவிடலாம், இவர்களிடம் முடியாது.

ஆயுத பூஜைக்கு லைனில் எல்லா மிஷினும் குளித்து, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு நிற்கும். என்னுடையது மட்டும் வெறும் நெற்றியோடு. நான் கேட்டதல்ல. “அண்ணன் சர்ச்சுக்குப் போறவரு” என்று அவர்களாகவே விட்டுவிடுவார்கள். வரிசையாகக் கட்டும் சாமந்திச் சரம்கூட என் மிஷினுக்கு முன்னால் நின்று, அதைத் தாண்டித்தான் மறுபடி தொடங்கும். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். கிறிஸ்துவுக்குச் சாட்சியாக வாழ்வது என்றால் இதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் அந்த மிஷின் எனக்கு மட்டும் சொந்தமில்லை. நான் வீட்டுக்குக் கிளம்பும்போது அடுத்த ஷிப்ட்டுக்கு அதில் வந்து நிற்பவன் ஒருவன் இருக்கிறான். கல்லாவிப் பக்கம் விவசாயக் குடும்பம், என்னைவிட வயதில் சின்னவன். போன வருஷம் ஆடி மாதம், மிஷினில் இரும்புத் துண்டை மாட்டும்போது அவன் விரல் நுனி நசுங்கிவிட்டது. லீவு முடிந்து திரும்பியவன், வேறு லைனுக்கு மாற்றிவிடும்படி சூபர்வைசரிடம் கேட்டிருக்கிறான். இல்லையென்றால் வேலையை விட்டு ஊருக்கே போய்விடுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறான். இது காதுக்கு வந்ததும் கேன்டீனில் நேராக அவனிடம் போய் நின்றேன்.

“ஏம்ப்பா, எங்கூட என்ன பிரச்சனை? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லமாட்டியா?”

அவன் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “உங்க மேல ஒண்ணுமில்லீங்ணா. கை நசுங்கனதுலருந்து பயமா இருக்குது. பொட்டு வெக்காத மிஷினாச்சுங்களே. சொன்னா உங்க மனசு நோவுமேன்னுதான் சொல்லல.”

எனக்குச் சுருக்கென்றது. சாட்சி என்று நான் பெருமைப்பட்ட அந்த வெறும் நெற்றியைப் பார்த்து இவன் ஒவ்வொரு ஷிப்ட்டும் பயந்திருக்கிறான். அதுவும் எனக்கு மரியாதை கொடுத்து.

“அது உன் மிஷினுந்தான். இந்த வருஷம் நீ பொட்டு வெய்யி” என்றேன்.

பூஜை அன்று சந்தனக் கிண்ணத்தோடு வந்தவன் மிஷினுக்கு முன்னால் தயங்கி நின்றான். நான் காட்டன் வேஸ்ட்டால் கதவைத் துடைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். மெதுவாகப் பொட்டு வைத்தான், கற்பூரம் காட்டினான். நான் கும்பிடவில்லை, அவன் எதிர்பார்க்கவுமில்லை. எல்லாம் முடிந்ததும் என் பக்கம் திரும்பினான்.

“தெனமும் கண்ண மூடிக்கிட்டு என்னங்ணா கேப்பீங்க?”

இத்தனை வருஷத்தில் லைனில் யாரும் இதைக் கேட்டதில்லை. “இதுல நிக்கிற ரெண்டு பேரும் கைகால் முழுசா வீடு போய்ச் சேரணும்னு கேப்பேன்.”

“ரெண்டு பேருமா?”

“உன் பேரைச் சொல்லித்தான் கேப்பேன். கை நசுங்குனப்புறம் உன் பேருதான் மொதல்ல.”

சந்தனம் ஒட்டிய விரலை அவன் காட்டன் வேஸ்ட்டில் துடைத்துக்கொண்டான். பிறகு, “இத அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா நான் பயப்படாம நின்னிருப்பேனேங்ணா” என்றான்.