விறைப்பாக நின்ற நூல்

திருச்சுழி வட்டாரத்தில் சௌடேஸ்வரி என்று பேர் சொல்லிக் கேட்டால் பலருக்குத் தெரியாது. விசிலு டீச்சர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அருப்புக்கோட்டையில் தறிக்காரர் தெருவில் லிங்கத்தின் மூத்த மகள். வீட்டில் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். மதுரையில் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணியில் நடுக்களத்தில் ஆடியவள். மூன்றாம் வருஷம் முழங்கால் சவ்வு கிழிந்ததும், ஆட முடியாவிட்டால் ஊத முடியுமே என்று நடுவர் பரீட்சை எழுதித் தேறினாள். இப்போது திருச்சுழியில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. காலையில் பஸ்ஸில் போய் சாயங்காலம் பஸ்ஸில் திரும்புவாள். ஆடி மாதத்தில் மட்டும் சனி ஞாயிறு வீடு தங்க மாட்டாள்.

ஆடியில்தான் அந்தப் பக்கத்துக் கண்மாய்கள் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடக்கும். பந்தாட்டமும் அப்போதுதான், அணிக்கு ஏழு பேர். வெளியூரிலிருந்து சம்பளத்துக்கு ஆடுகிறவர்களையும் கூட்டி வருவார்கள். சென்னையில் கிளப்புக்கு ஆடுகிறவன், கேரளத்தில் ஒரு சீசன் ஆடிவிட்டு வந்தவன் என்று ஒவ்வொரு அணியிலும் இரண்டு பேராவது இருப்பார்கள்.

ஆடிக்காற்றுக்கு ஒரு குணம். சுண்ணாம்புப் பொடியால் எல்லைக்கோடு போட்டால் முதல் பாதி முடிவதற்குள் அது பக்கத்து ஊருக்குப் போய்விடும். அதனால் அங்கே கோடு போடுவது கிடையாது, கட்டுவதுதான். தறிவீடுகளில் மிச்சப்படும் கழிவு நூலை எட்டுப் பத்து இழை சேர்த்து முறுக்கி, கருவேலங்குச்சி முளைகளைத் தரையோடு தரையாக அடித்து, அவற்றில் சுற்றி இழுத்துக் கட்டுவார்கள். வெள்ளை நூல் கரிசல் மண்ணில் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு முளையிலும் இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றியிருக்கும், யார் காலாவது பட்டு இழுத்தால் அறுந்துவிடாமல் நெகிழ்ந்து கொடுக்க. அந்த நூல் வருஷா வருஷம் லிங்கத்தின் வீட்டிலிருந்துதான் போகும்.

போன வருஷம் இறுதி ஆட்டத்தன்று காலையில் மின்னல் கிளப்பின் கோல் கீப்பருக்குக் காய்ச்சல். அணித்தலைவர் இம்மானுவேல் செங்கல் லோடு அடிக்கிறவர், பருத்த உடம்பு, கலகலப்பான ஆள். அவர் விசாரித்து விசாரித்துக் கடைசியில் சௌடேஸ்வரியின் தம்பி ஹரீஷைப் பிடித்துவிட்டார். ஹரீஷ் சென்னை கிளப் ஒன்றில் சம்பளத்துக்கு கோல் காப்பவன், விடுமுறைக்கு வந்திருந்தான். மூன்று வருஷமாக இந்தக் கண்மாயில் இறுதி ஆட்டத்துக்கு விசில் அவன் அக்காவுடையது.

சௌடேஸ்வரி ஒதுங்கிக்கொள்வதாகச் சொன்னாள். கமிட்டித் தலைவர் சௌந்தரம் கையைப் பிசைந்தார். வேறு நடுவர் விருதுநகரிலிருந்து வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

எதிரணித் தலைவன் உக்கிரபாண்டி குறுக்கே வந்தான். முன்வரிசை ஆட்டக்காரன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், வாயும் கொஞ்சம் அதிகம்.

"டீச்சரே ஊதட்டும். எங்களுக்குச் சம்மதம். ஆனா ஒண்ணு டீச்சர், இன்னைக்கி ஒரு பக்கமாச் சாஞ்சீகன்னு வச்சுக்கங்க, அப்புறம் இந்தப் பக்கம் எந்தக் கண்மாய்லயும் நீங்க ஊதுன விசிலுக்கு ஒரு பய நிக்க மாட்டான்."

"சரிப்பா," என்றாள் அவள். கேலியாகச் சொன்னாலும் அவன் சொன்னது உள்ளதுதான் என்று அவளுக்குத் தெரியும். கார்டு அட்டைகளுக்கு எந்த மதிப்பும் கிடையாது. ஊதினால் நிற்பார்கள் என்பதுதான் நடுவருக்கு இருக்கிற ஒரே சொத்து.

கரை முழுக்க ஜனம். பாலவனத்தத்திலிருந்து ஒரு வேன், வீரசோழனிலிருந்து இரண்டு. வெள்ளரிக்காயும் வேர்க்கடலையும் வந்த வேகத்தில் விற்றுப் போயின. ஹரீஷ் நன்றாகத்தான் ஆடினான், பாய்ந்து பாய்ந்து பிடித்தான். முதல் பாதியில் ஒன்றுக்கு ஒன்று.

ஆட்டம் முடிகிற கட்டத்தில் உக்கிரபாண்டி தனியாகப் பந்தைக் கொண்டு வந்தான். முன்னால் ஹரீஷைத் தவிர யாரும் இல்லை. ஹரீஷ் வெளியே ஓடிவந்து பந்துக்குத்தான் காலை நீட்டினான். பந்து நழுவியது, கால் உக்கிரபாண்டியின் காலில் மாட்டியது. அவன் தலைகுப்புற விழுந்து புழுதிக்குள் மறைந்துபோனான்.

சௌடேஸ்வரி ஊதினாள். கோலுக்கு முன்னால் கட்டிய பெட்டிக்கோட்டுக்கு உள்ளே, ஒரு முழம் உள்ளே. பெனால்டி. ஆனால் உக்கிரபாண்டிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. முதலில் அவனைப் பார்க்க வேண்டும். அவள் குனிந்து அவன் காலை நீட்டிப் பிடித்தாள். தண்ணீர் கொண்டு வந்தவர்கள் சுற்றி நின்றார்கள்.

அவள் நிமிர்ந்தபோது, விழுந்த இடத்தில் மண்ணில் கிடந்த கால்தடம் அப்படியே இருந்தது. கோடுதான் அங்கே இல்லை. பெட்டிக்கோட்டின் நடுமுளை கோலை நோக்கி உள்ளே போயிருந்தது. நூல் அந்த இடத்தில் மட்டும் பள்ளமாக வளைந்து, கால்தடத்தை வெளியே விட்டிருந்தது.

இம்மானுவேல் ஓடிவந்தார். "டீச்சர், வெளியதானே? நூலைப் பாருங்க. தடம் வெளிய கெடக்கு."

"உள்ளதான்," என்று தரையிலிருந்தே கத்தினான் உக்கிரபாண்டி. "அண்ணே, நான் விழுந்ததுல நூலு இழுபட்டிருக்கும்ணே."

அதையும் தள்ளிவிட முடியாது. ஓடிவந்த வேகத்தில் ஒரு ஆள் விழுந்தால் முளை பெயரத்தான் செய்யும். சௌடேஸ்வரி முளையருகே போய்க் குந்தி உட்கார்ந்தாள். நூலை விரலால் சுண்டினாள். அது தம்பூரா தந்தி மாதிரி அதிர்ந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

கால் பட்டு இழுபட்ட நூல் தொளதொளவென்று கிடக்கும். இது விறைப்பாக நின்றது. கூடுதல் சுற்றில் ஒன்றைப் பிரித்து, முளையைப் பிடுங்கி உள்ளே ஊன்றி, நூலை இரண்டு பக்கமும் சமமாக இழுத்துச் சுற்றியிருக்கிறான். திருட்டுத்தனம் செய்கிற அவசரத்திலும் நூலைத் தொய்வாக விட அவனுக்கு மனசு வரவில்லை. தறிக்குழியில் வளர்ந்த பிள்ளைக்குத் தொய்ந்த இழையைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அந்தக் கண்மாயில் அப்படிக் கட்டக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இங்கே குந்தியிருக்கிறாள்.

"ஹரீஷ், இங்க வா. ஃபவுல் எங்க?"

"வெளியக்கா."

"நல்லாச் சொல்லு."

"வெளியதான். நூலு இருக்குல்ல."

"கோல் போகப் போறவனை வெளிய வச்சு விழத்தட்டுனா நேரா சிவப்பு. உள்ள வச்சு, பந்துக்குப் போயி தட்டிருச்சுன்னா பெனால்டியும் மஞ்சளும். உனக்கு எது வேணும்?"

சென்னையில் சம்பளம் வாங்குகிற கோல் கீப்பர், பெனால்டியைத் தவிர்க்கிற அவசரத்தில் இதை மறந்துபோயிருந்தான். பிறகு வீட்டுக் கன்னடத்தில் தாழ்ந்த குரலில் ஏதோ கெஞ்சினான்.

"தமிழ்ல சொல்லு. உக்கிரபாண்டிக்கும் கேக்கணும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "உள்ளதான்க்கா. முளையை நான்தான் மாத்துனேன்."

சௌடேஸ்வரி முளையைப் பழைய குழியிலேயே அடித்தாள். காலைத் தட்டியதற்கு ஒரு மஞ்சள். கோட்டை மாற்றியதற்கு இன்னொரு மஞ்சள். இரண்டு சேர்ந்தால் சிவப்பு. மூன்று அட்டைகளையும் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் கரைக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டினாள்.

"ஏலே ஹரீஷு, இன்னைக்கி ராத்திரி வீட்டுப் பக்கம் போயிராத," என்று கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அக்கா சோத்துத் தட்டுக்கும் கார்டு காட்டுவாக."

அணியின் சொந்த கீப்பர் காய்ச்சலில் படுத்திருந்ததால் இம்மானுவேலே கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு கோலுக்குள் நின்றார். பாதிக் கோல் அவர் உடம்பிலேயே அடைந்துவிட்டது. உக்கிரபாண்டி நொண்டிக்கொண்டே வந்து உதைத்தான். பந்து நேரே இம்மானுவேலின் வயிற்றில் போய் மோதி, வந்த வழியே திரும்பியது. அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. "போயிருச்சா?" என்று கேட்டார். கரையே சிரித்துச் சரிந்தது. உக்கிரபாண்டி தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

ஆனால் ஆறு பேரை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் தாங்குவது? கடைசி நிமிஷத்தில் மூலையிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டிக் கோலாக்கினான் உக்கிரபாண்டி. கோப்பை அவர்களுக்கு.

பரிசளிப்புக்கு முன்னால் கமிட்டி கூடியது. சௌந்தரம் கொதித்துப்போயிருந்தார். "கோட்டையே மாத்துற பய. ஆயுசுக்கும் இந்தக் கண்மாய்ல அவன் கால் வைக்கக் கூடாது."

கூட்டம் ஆமோதித்தது. எல்லோரும் டீச்சரைத்தான் பார்த்தார்கள். அவள் தலையாட்டினால் அவள் பேர் இன்னும் உயர்ந்துவிடும். சொந்தத் தம்பியையே தள்ளிவைத்தவள் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அது அவளுக்கும் தெரிந்தது. ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது.

"சிவப்பு வாங்குனவனுக்கு அடுத்த ஒரு ஆட்டம் கிடையாது. விதி அதுதான்," என்றாள்.

"தம்பிங்கவும் குறைக்கிறீகளோ?" என்று யாரோ கேட்டார்கள்.

"வேற வீட்டுப் பிள்ளைன்னா ஆயுசுக்கும்னு கேட்டிருப்பீகளா அண்ணாச்சி? போன வருஷம் கையால பந்தைத் தட்டி கோல் போட்டவனுக்கு என்ன குடுத்தோம்? ஒரு ஆட்டம். என் தம்பிங்கிறதுக்காகக் கூட்டினாலும் அது சாய்வுதான். சாயாம ஊதுறேன்னுதான் காலையில ஒத்துக்கிட்டேன்."

சௌந்தரம் உக்கிரபாண்டியைப் பார்த்தார். விழுந்தவன் அவன்தானே.

உக்கிரபாண்டி கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தான். "டீச்சர் சொல்றது சரிதான். ஒரு ஆட்டம். ஆனா கோட்டைக் கெடுத்தவன் கோட்டைக் கட்டணும். வர்ற வருஷம் மொத்த மைதானத்துக்கும் நூலு அவன்தான் கட்டணும். தனியா."

"அது விதியில இல்லையே," என்றார் சௌந்தரம்.

"நானே கட்டுறேன்," என்றான் பின்னால் நின்றிருந்த ஹரீஷ். "கட்டாயத்துக்கு இல்ல. கட்டுறேன்."

அன்று வீட்டுக்குப் போனதும் லிங்கம் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "நூலை அறுத்துட்டானா?"

"இல்லப்பா. தொய்வில்லாமத்தான் கட்டியிருந்தான். அதுலதான் மாட்டுனான்."

கிழவர் சிரிக்க ஆரம்பித்தார். புரையேறித் தண்ணீர் கொடுக்கவேண்டியதாயிற்று.

இந்த ஆடியில் ஹரீஷ் சொன்னபடி வந்தான். வெயிலில் முளை அடித்து, மைதானம் முழுக்க ஒற்றை ஆளாக நூல் கட்டினான். முதல் ஆட்டம் அவனுக்குக் கிடையாது என்பதால் கோட்டுக்கு வெளியே துண்டை விரித்து உட்கார்ந்தான். சௌடேஸ்வரி விசிலை வாயில் வைத்தபோது உக்கிரபாண்டி கையைத் தூக்கினான்.

"டீச்சர், ஒரு நிமிஷம். அந்த நடுமுளைகிட்ட நூலு கொஞ்சம் தொய்ஞ்சாப்ல இல்ல?"

ஹரீஷ் துண்டை உதறிவிட்டு ஓடினான். குந்தி உட்கார்ந்து நூலைச் சுண்டிப் பார்த்தான். அது விறைப்பாகத்தான் இருந்தது. நிமிர்ந்தபோது இரண்டு அணியும் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. இம்மானுவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹரீஷுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

சௌடேஸ்வரி ஊதினாள். எல்லோரும் சிரிப்பை விட்டு அவரவர் இடத்தில் நின்றார்கள்.