பாங்கு முடியும்வரை ஓடும் எஞ்சின்

கடைக்கு வந்த ஒருவருக்கு டர்போ உழவு இயந்திரத்தின் வசதிகளை விளக்கிக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஆதம்பாவா காக்கா இறந்துவிட்டதாக ஜனாஸா அறிவித்தல் கேட்டது. விளக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கடைக்கு வெளியே வந்தேன். கல்முனையில் நாங்கள் இருவரும் ஒரே கடையில்தான் வேலை செய்தோம். நான் விற்பவன், அவர் மெக்கானிக்; வயதில் மூத்தவர், அண்ணன் முறையில் எனக்குக் காக்கா.

சின்ன உழவு இயந்திரத்துக்கு டர்போ தேவையா என்று எங்களுக்குள் ஓயாத சண்டை. எஞ்சின் அதே அளவுதான், காற்றை அழுத்திக் கொடுப்பதால் இழுவை கூடும் என்பேன். அவர் சிரிப்பார். "டர்போ புது மாப்பிள மாதிரிடா தம்பி. கவனிப்புக் குறைஞ்சா மூஞ்சத் தூக்கும். மத்தது எப்பிடிப் போட்டு அடிச்சாலும் ஓடும்."

ஒரு பெரும்போக நெல் பருவத்தில், நான் விற்ற புது இயந்திரத்தின் டர்போ உழவு நடுவிலேயே பழுதாகிவிட்டது. வயலுக்குச் சொந்தக்காரரான போடியார் கொதித்தார். சாரதிமேல் பழியைப் போட நான் அவசரப்பட்டேன். காக்கா சாரதியிடம் ஒன்றுதான் கேட்டார்: "லுஹர் தொழுகைக்கு எஞ்சின எப்பிடி நிப்பாட்டுற?"

"பாங்கு கேட்ட உடனே சாவியத் திருப்பிருவன் காக்கா."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லும்போது எஞ்சின் இரையக் கூடாது. டர்போ இல்லாத எஞ்சின் அதைத் தாங்கியது. டர்போ சூடாகச் சுழலும்போதே எஞ்சினோடு எண்ணெய் ஓட்டமும் நின்றுபோனால் அதன் பெயரிங் கருகிவிடும்.

"நல்ல பழக்கம்தான். இனி உழவ நிப்பாட்டி, எஞ்சின மெதுவா ஓட விட்டுப் பாங்கக் கேளு. பாங்கு முடிய மறுகா சாவியத் திருப்பு" என்றார்.

வாங்குபவருக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. போடியாருக்கு விற்றபோது, விற்பனை கெட்டுவிடும் என்று அதைச் சொல்லாமல் விட்டிருந்தேன். முதலாளி ஹாஜியார் வந்து "ஆர்ர பிழை?" என்று கேட்டபோது, வேலை போய்விடும் என்று பயந்து தலையைக் குனிந்துகொண்டேன். காக்கா என்னைத் திரும்பியும் பார்க்காமல் சொன்னார்: "என்ட பிழைதான். நான் சொல்லிக் குடுக்கல்ல."

அந்தப் போகம் முழுக்க ஹாஜியார் அவரை வயலுக்கு அனுப்பவில்லை. கடைக்குப் பின்னால் இருந்து பழைய தண்ணிப் பம்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒருநாளும் எனக்கு அதைச் சொல்லிக்காட்டவில்லை. நானும் உண்மையைச் சொல்லவில்லை. வெட்கக்கேடுதான்.

காக்காவை அறிந்தவர்களே, அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கடன்தான். அவரை அடக்கி மண் போட்டு முடிந்ததும் ஹாஜியாரின் கையைப் பிடித்தேன். "அண்டைக்குப் பிழை விட்டது நான், ஹாஜியார்."

அவர் கையை விடவில்லை. "இத அவர் இருக்கக்குள்ள சொல்லியிருக்கலாமே, மகன்" என்றார்.